பின்பக்கச் சஸ்பென்ஷனை வீட்டிலேயே இறக்க வாங்கிய 3 டன் ஜாக்கியும் ஸ்டாண்டுகளும்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பிந்தைய மதிப்பீடு

திருவான்மியூரில் கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நின்றுகொண்டிருந்த ஒரு காரின் அடிப்பகுதி எந்த நிலையில் இருக்கும் என்பதை, உப்புக்காற்று வீசும் ஊர்களில் வண்டி வைத்திருப்பவர்கள் அறிவார்கள். எங்கள் வீட்டு 2008-ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல் வண்டியின் இடது பின் காயில் ஸ்பிரிங், கீழ்ச்சுற்றைத் துரு தின்றதால் ஒரு விரல் நீளத்துக்கு உடைந்து போயிருந்தது. பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டார்ஷன் பீமின் முன்முனைகளில் உள்ள ரப்பர் புஷ்களும் கிழிந்துவிட்டதால், ஒவ்வொரு வேகத்தடையைக் கடக்கும்போதும் பின்னிருக்கைக்கு அடியில் யாரோ சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை எழுந்தது. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது சிறிய வேலைதான். ஆனால் பழைய புஷ்ஷை அழுத்தி வெளியே எடுத்துப் புதியதை ஏற்றுவதற்கு ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். அதற்குப் பீம் முழுவதும் வண்டியிலிருந்து இறங்கி லேத் பட்டறைக்குப் போயாக வேண்டும். அந்த வேலையை வீட்டிலேயே செய்வது என்று முடிவெடுத்தபோது வாங்கிய மூன்று பொருள்களைப் பற்றியதே இந்த மதிப்பீடு: காரைத் தூக்க, சக்கரங்களின் மேல் உருளும் ஒரு 3 டன் டிராலி ஜாக்கி; தூக்கிய காரைத் தாங்கி நிறுத்த, குறுக்கே எஃகுப் பின் (pin) செருகும் வகையைச் சேர்ந்த ஒரு ஜோடி 3 டன் ஜாக் ஸ்டாண்டுகள்; ஸ்டாண்டின் தலையில் வைப்பதற்கான நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டைகள்.

நிறுவனங்களின் பெயர்களை நான் குறிப்பிடவில்லை. ஒரே அச்சில் வார்க்கப்பட்டது போன்ற ஜாக்கிகள் வெவ்வேறு நிறங்களிலும் பெயர்களிலும் விற்கப்படுகின்றன என்பதைச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் நான்கு கடைகள் ஏறி இறங்கியவர் எவரும் காணலாம். எனவே பெயரைச் சொல்வதைக் காட்டிலும், வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும், வேலையின் எந்தக் கட்டத்தில் எந்தக் குறை வெளிப்பட்டது என்று சொல்வதே வாங்க நினைப்பவருக்கு உதவும்.

முதலில் ஜாக்கி. எடை 33 கிலோ, குறைந்தபட்ச உயரம் 13 சென்டிமீட்டர், முழுதாக உயர்ந்தால் 50 சென்டிமீட்டர், விலை 9,400 ரூபாய். இதைவிட மிகவும் மலிவாக, ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய 2 டன் ஜாக்கிகளும் கடையில் இருந்தன. சக்கரம் மாற்றுவதற்கு அவை போதும். ஆனால் அவற்றின் உச்ச உயரம் 33 சென்டிமீட்டர் அளவிலேயே நின்றுவிடுகிறது. பீமை முழுவதும் இறக்கி வெளியே இழுக்க அந்த உயரம் போதாது. உயரம் போதவில்லை என்பதற்காக ஜாக்கியின் கீழே கட்டைகளை அடுக்குவது, இந்த வேலையில் செய்யக்கூடிய மோசமான தவறுகளுள் ஒன்று. டிராலி ஜாக்கியின் தலை நேர்க்கோட்டில் மேலே போவதில்லை. அது ஒரு வில் போல வளைந்து உயர்கிறது. காரின் முன்சக்கரங்களுக்கு நாம் கட்டை போட்டுவிட்டோம் என்பதால் கார் நகராது. ஆகவே ஜாக்கிதான் தன் சக்கரங்களின் மேல் உருண்டு அந்த வளைவை ஈடுகட்ட வேண்டும். அடுக்கிய கட்டையின் மேலோ, கற்களுக்கு இடையே இடைவெளியுள்ள பேவர் பிளாக் தரையின் மேலோ அது உருள முடியாமல் சிக்கிக்கொண்டால், ஜாக்கியின் தலை காரின் அடியில் வழுக்கத் தொடங்கும். எங்கள் ஜாக்கியின் இரும்புச் சக்கரங்கள் சிறியவை. பார்க்கிங் டைல்ஸின் கோடுகளிலேயே அவை தடுமாறின. சமமான பிளைவுட் பலகை ஒன்றை விரித்து அதன்மேல் உருளவிட்ட பிறகே தூக்குவது சீரானது. இந்த விலைக்கு இன்னும் அகலமான சக்கரங்களைக் கொடுத்திருக்கலாம்.

தூக்கும் திறனில் குறையே இல்லை. இரட்டைப் பிஸ்டன் என்பதால் ஆறேழு அழுத்தலிலேயே தலை காரைத் தொட்டுவிடுகிறது. அதன் பிறகு ஒவ்வோர் அழுத்தலுக்கும் சிறிது சிறிதாக உயர்கிறது. சிறிய பிஸ்டனில் கொடுக்கும் குறைந்த விசையைப் பெரிய பிஸ்டனில் பன்மடங்காக்கும் இந்த வித்தையை 1795-இல் ஜோசப் பிராமா இங்கிலாந்தில் காப்புரிமை பெற்று அச்சுப்பொறிபோல் அழுத்தும் எந்திரமாகப் பயன்படுத்தினார். அன்றும் இன்றும் அந்த எந்திரத்தின் உயிர் எண்ணெயை அடைத்துவைக்கும் சீலிலும் வால்விலும்தான் இருக்கிறது.

அந்தச் சீலை எவ்வளவு நம்பலாம் என்று அறிவதற்காக, வேலையைத் தொடங்குவதற்கு முன் ஓர் இரவு ஒரு சோதனை செய்தேன். காரின் இடது பின்மூலையை ஜாக்கியால் தூக்கி, மூன்று விரற்கடை இடைவெளி விட்டு அதன் கீழே ஸ்டாண்டை நிறுத்தி, சக்கரக் கூண்டின் விளிம்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்று சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுத் தூங்கச் சென்றேன். காலையில் அந்த விளிம்பு கோட்டுக்கு 22 மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. வெளியே கசியாமல் உள்ளுக்குள்ளேயே வால்வின் வழியாக எண்ணெய் திரும்பியிருக்கிறது. புத்தம்புதிய ஜாக்கி அது. இதை நான் அந்த ஜாக்கியின் பழுதாகக் கருதவில்லை. தூக்குவதற்காகச் செய்யப்பட்ட கருவி தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று என்பதை எனக்கு அது மில்லிமீட்டர் கணக்கில் காட்டியது. அதன் பிறகு அந்த நான்கு நாள் வேலையில், காரின் கீழே தலையையோ தோளையோ நீட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும், இந்த நொடியில் காரைப் பிடித்துக்கொண்டிருப்பது எது என்று வாய்விட்டே கேட்டுக்கொள்வதை வழக்கமாக்கினேன். விடை எண்ணெய் என்று வந்தால் கீழே போகவில்லை.

ஜாக்கியின் உண்மையான குறை இறக்கும்போது தெரிகிறது. கைப்பிடியைத் திருகினால் வால்வு திறக்கும் அமைப்பு இது. கைப்பிடிக்கும் வால்வுக்கும் இடையிலான இணைப்பில் ஆட்டம் இருப்பதால், முதல் கால் திருப்பத்தில் ஒன்றுமே நடப்பதில்லை; அடுத்த மயிரிழைத் திருப்பத்தில் தலை சட்டென்று இறங்கிவிடுகிறது. சக்கரம் மாற்றுபவருக்கு இது ஒரு பொருட்டன்று. அழுந்திய ஸ்பிரிங் ஒன்றை மெல்ல விரியவிட வேண்டியவருக்கு இதுதான் எல்லாமே. சக்கரங்களைக் கழற்றாமலேயே ஓர் அரைமணி நேரம் தூக்கியும் இறக்கியும் கையைப் பழக்கிக்கொண்ட பிறகே என்னால் விரற்கடை விரற்கடையாக இறக்க முடிந்தது. வாங்குபவர்கள் கடையிலேயே, ஏதாவதொரு சுமையின் கீழ் இறக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். தூக்கிக் காட்டுவதற்கு எல்லாக் கடைக்காரர்களும் தயாராக இருக்கிறார்கள். இறக்கிக் காட்டச் சொன்னபோது ஒருவர்தான் முன்வந்தார்.

இனி ஸ்டாண்டுகள். இந்த மூன்றில் நான் முழு மனத்தோடு பரிந்துரைப்பது இவற்றையே. விலை ஜோடி 2,200 ரூபாய். நான் முதலில் வாங்கியவை வேறு: கைப்பிடியை உயர்த்தினால் பல் பல்லாக ஏறி நிற்கும் ராட்செட் வகை ஸ்டாண்டுகள். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஒன்றில் நடுத்தண்டின் பல்லில் பூட்டு நாக்கு பாதி ஆழத்துக்கே இறங்கியிருந்தது. கையால் தண்டைப் பக்கவாட்டில் தட்டினால் நாக்கு நழுவியது. கடைக்காரர் மறுப்புச் சொல்லாமல் மாற்றிக் கொடுத்தார், ஆனால் அதைக் கடையிலேயே பார்த்திருக்க வேண்டியது என் பொறுப்பு. இது ஏதோ மலிவுச் சரக்கின் குறை என்றும் தள்ளிவிட முடியாது. 2020-இல் அமெரிக்காவின் பெரிய கருவிக் கடைத் தொடர் ஒன்று, தன் 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளில் இதே போல நாக்கு பல்லைச் சரியாகக் கவ்வாத குறைக்காக அவற்றைப் பல லட்சக் கணக்கில் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில், மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டுகளில் சிலவும் வெல்டிங் குறைக்காகத் திரும்பப் பெறப்பட்டன. நல்ல ராட்செட் ஸ்டாண்டுகள் உண்டு; பட்டறைகள் அவற்றைத்தான் பெரிதும் பயன்படுத்துகின்றன. ஆனால் அவை நன்றாக இருக்கின்றனவா என்பதை வீட்டில் இருப்பவர் உள்ளே எட்டிப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

பின் வகையில் அந்த ஐயமே இல்லை. துளைகள் இட்ட குழாய் ஒன்றினுள் இன்னொன்று. குறுக்கே பெருவிரல் பருமனுள்ள எஃகுப் பின். பின் மறுபக்கம் வெளியே வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம், இருட்டில் விரலால் தடவியும் அறியலாம். உயரம் 29 சென்டிமீட்டரிலிருந்து 42 வரை. துளைக்குத் துளை 4 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருப்பதால் நினைத்த உயரத்தில் நிறுத்த முடியாது. இது ஒரு குறைதான். ஆயினும் பூட்டின் உறுதிக்காக இந்த வசதிக் குறைவை ஏற்றுக்கொள்கிறேன்.

ஆயிரம் கிலோ அளவிலான காருக்கு 3 டன் ஸ்டாண்டு எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. முன்புறம் எஞ்சினும் கியர்பாக்ஸும் இருக்கும் இத்தகைய வண்டியில் பின்பக்கம் தாங்குவது மொத்த எடையில் பாதிக்கும் குறைவு. ஒரு ஸ்டாண்டுக்கு ஏறத்தாழ 200 கிலோதான் வரும். ஆனால் நேராக மேலிருந்து அழுத்தும் எடையால் ஸ்டாண்டு தோற்பது அரிது. துருப்பிடித்த போல்ட்டை நீண்ட கைப்பிடி போட்டு இழுக்கும்போது காரைப் பக்கவாட்டில் தள்ளுகிறோமே, அந்தத் தள்ளலில்தான் அது சாய்கிறது. பெரிய ஸ்டாண்டின் கால்கள் விரிந்து அகன்றிருப்பதே அதன் பயன். டன் கணக்கு அடுத்ததுதான். பெட்டியில் எழுதியிருக்கும் டன் ஒற்றை ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா என்பதையும் வாங்கும் முன் படித்துப் பார்க்க வேண்டும்.

ஸ்டாண்டு எவ்வளவு நல்லதாயினும் தரை அதற்குக் கைகொடுக்க வேண்டும். நம் வீடுகளின் போர்டிகோ மழைநீர் தெருப்பக்கம் வடிவதற்காகச் சாய்வாகவே போடப்படுகிறது. இரண்டு மீட்டர் பலகையின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்ததில், எங்கள் கேட்டின் அருகில் 4 சென்டிமீட்டர் சரிவு இருந்தது. உட்சுவரின் பக்கம் அரை சென்டிமீட்டர்தான். அதனால் காரின் பின்பக்கம் உட்பக்கம் வருமாறு, பீமை வெளியே எடுக்க இடம் விட்டு நிறுத்தினேன். டைல்ஸின் கீழே சில இடங்களில் சாந்து நிரம்பாமல் பொள்ளலாக இருக்கும். கட்டைக் குச்சியால் தட்டி ஓசையைக் கேட்டு, கெட்டியான இடம் தேர்ந்து, ஒவ்வொரு ஸ்டாண்டின் கீழும் 18 மில்லிமீட்டர் பிளைவுட் சதுரம் ஒன்றைப் போட்டேன். ஸ்டாண்டுக்குப் பதிலாக ஹாலோ பிளாக் கற்களை வைத்துக் காரின் கீழே படுத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சுவரில் சாந்து பூசி வரிசையாகப் பரவிய சுமையைத் தாங்கும் அந்தக் கல், ஒரே முனையில் எடை விழுந்தால் முன்னறிவிப்பு ஏதுமின்றிப் பொடியாகிவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஹேண்ட்பிரேக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது இந்த வண்டியில் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. பின்பக்கம் தரையை விட்டு எழும்பிய கணமே அதனால் பயனில்லை. பீமை இறக்க அதன் கேபிளை எப்படியும் தளர்த்திக் கழற்றத்தான் வேண்டும். ஆகவே வண்டியை முதல் கியரில் விட்டு, லாரி கிளீனர்கள் ஏற்றத்தில் கட்டை போடுவது போல, முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னுமாக நான்கு ஆப்புக் கட்டைகளைப் போட்டேன். சக்கர நட்டுகளைக் கார் தரையில் நிற்கும்போதே அரைத் திருப்பம் தளர்த்திவிட்டேன்.

எங்கே தூக்குவது, எங்கே நிறுத்துவது என்பது அடுத்த சிக்கல். பீமின் நடுவில் ஜாக்கியை வைத்துப் பின்பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் தூக்குவது பல பட்டறைகளில் காணப்படும் வழக்கம். பீம் என்பது தூண் அன்று. சக்கரங்கள் ஏறி இறங்கும்போது முறுக்கிக்கொள்வதற்காக வடிவமைத்த உருக்கு உறுப்பு. அதன் நடுவில் காரின் எடையைப் புள்ளியாக ஏற்றினால் வளையக்கூடும். கழற்றப் போவதே அந்தப் பீம் என்பதால் அதன் கீழே ஸ்டாண்டு வைப்பதிலும் பொருளில்லை. ஸ்டாண்டு நிற்க வேண்டிய இடம், உரிமையாளர் கையேட்டில் அம்புக்குறியிட்டுக் காட்டியிருக்கும், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் உள்ள அடிவிளிம்பு. ஜாக்கியையும் அங்கேயே வைத்தால் ஸ்டாண்டுக்கு இடம் இருக்காது. எனவே சக்கரத்தை ஒட்டி ஸ்பிரிங் அமர்ந்திருக்கும் கிண்ணத்தின் கீழே ஜாக்கியை வைத்து ஒரு பக்கம் தூக்கி, அடிவிளிம்பின் கீழே ஸ்டாண்டை நிறுத்தி, பிறகு மறுபக்கம் என்று இரண்டு சுற்றாக மாறி மாறி உயர்த்தினேன். ஒரே பக்கத்தை ஒரேயடியாக உயர்த்தினால் மறுபக்க ஸ்டாண்டு சாயும்.

இங்கேதான் 350 ரூபாய் கொடுத்து வாங்கிய ரப்பர் கட்டைகள் தம் விலைக்கு மேல் உழைத்தன. அடிவிளிம்பு என்பது இரண்டு தகடுகள் ஒட்டிய கத்தி போன்ற ஓரம். ஸ்டாண்டின் தலையோ இரும்பாலான அகன்ற பள்ளம். இரும்பின் மேல் இரும்பு வழுக்கும். ஓரமும் மடங்கும், மடங்கிய இடத்தில் பெயிண்ட் உடைந்து அடுத்த மழைக்காலத்திலேயே துரு தொடங்கும். ரப்பரின் பள்ளத்தில் அந்த ஓரம் போய் அமர்ந்த பிறகு, காரின் பின்பக்கத்தை இரு கைகளாலும் நன்றாகத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. தள்ளிப் பார்ப்பதை வெளியே நின்றுகொண்டுதான் செய்ய வேண்டும். கழற்றிய சக்கரங்களைப் பக்கத்துக்கு ஒன்றாக அடிவிளிம்பின் கீழே படுக்கப் போட்டேன். எல்லாமே தவறிப்போனாலும் ஓர் ஆள் நசுங்காத இடைவெளியை அவை காத்துக்கொள்ளும்.

போல்ட்டுகளுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே துரு நீக்கும் எண்ணெய் தெளித்து வந்தேன். அப்படியும் வலது புஷ் போல்ட் அசையவில்லை. எங்கள் தெருமுனைப் பட்டறையின் மூத்த மெக்கானிக்கிடம் கேட்டபோது, "தம்பி, எந்தக் காரணத்தைக் கொண்டும் கேஸ் வைத்துச் சூடு காட்டிவிடாதீர்கள், முன்னாலேயே பெட்ரோல் டேங்க் இருக்கிறது," என்றார். இந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் பின்னிருக்கைக்கு அடியில், பீமுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. மேலும் ஓர் இரவு ஊறவிட்டு, நீண்ட கைப்பிடியை வெளிப்புறமாக இழுக்காமல் கீழ்நோக்கி மட்டும் அழுத்தியதில் அது கழன்றது. கீழ்நோக்கிய விசை ஸ்டாண்டை அழுத்திப் பிடிக்கும். பக்கவாட்டு விசை அதைக் கவிழ்க்கும்.

பீமை எடுப்பதற்காகப் பிரேக் குழாய்களைப் பிரிப்பது எனக்கு எதிர்பார்த்ததைவிட எளிதாகவே இருந்தது. குழாய் நட்டுக்கு அதற்கென்றே உள்ள, வாய் மட்டும் சிறிது திறந்த ஸ்பேனர் வேண்டும். சாதாரண ஸ்பேனர் நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். பிரித்த வாய்களை ரப்பர் மூடியால் அடைத்தேன். பிரேக் எண்ணெய் பெயிண்டைத் தின்னும், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் சிந்தியதை உடனே தண்ணீர் விட்டுக் கழுவினேன். டிரம்மில் சேர்ந்திருக்கும் லைனிங் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியானால் சென்சார் ஒயர்களையும், சில மாடல்களில் பீமோடு இணைந்திருக்கும் பிரேக் வால்வின் சிறு ஸ்பிரிங்கையும் மறக்காமல் விடுவிக்க வேண்டும். இல்லாவிட்டால் பீம் இறங்கும்போது அவை அறுந்துவிடும்.

இந்த வேலை முழுவதிலும் உண்மையான அபாயம் ஒரே இடத்தில்தான் குவிந்திருக்கிறது. ஷாக் அப்சார்பரின் கீழ்ப் போல்ட் வெறும் போல்ட்போலத் தோன்றும். ஆனால் கார் ஸ்டாண்டின் மேல் நின்று பீம் தொங்கிக்கொண்டிருக்கும்போது, அது மேலும் கீழே இறங்காமல் தடுத்துக்கொண்டிருப்பது அந்த ஷாக் அப்சார்பர்தான். கீழே தாங்கல் இல்லாமல் அந்தப் போல்ட்டைத் தட்டி எடுத்தால், டிரம்மின் எடையும் மிச்சமிருக்கும் ஸ்பிரிங் விசையும் சேர்ந்து அந்தக் கையை அல்லது காலை நோக்கி இறங்கும். ஜாக்கியை ஸ்பிரிங் கிண்ணத்தின் கீழே கொண்டுவந்து, போல்ட் தளர்ந்து விரலால் சுழலும் அளவுக்கு மட்டும் உயர்த்தினேன். அதற்கு மேல் ஓர் அழுத்தல் கொடுத்தாலும் காரையே ஸ்டாண்டிலிருந்து தூக்கத் தொடங்கிவிடுவோம் என்பதால், என் மைத்துனர் வெளியே அமர்ந்து ஸ்டாண்டின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். போல்ட்டை எடுத்தபின், நான் முன்பு குறைசொன்ன அந்த வால்வை மயிரிழையாகத் திறந்து, ஒரு விரற்கடை, நிறுத்தம், மறுபடி ஒரு விரற்கடை என்று இறக்கினோம். ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வந்தது. அதன் பிறகு மறுபக்கம். ஒருபக்கம் மட்டும் இறங்கும்போது பீம் முறுக்கிக்கொள்ளும். அதற்காகவே அது செய்யப்பட்டிருப்பதால் பயப்பட வேண்டியதில்லை.

கடைசியில் முன்முனைப் போல்ட்டுகள் இரண்டு. ஸ்பிரிங்குகள் போய்விட்ட நிலையில் தாங்க வேண்டியது பீமின் சொந்த எடை மட்டுமே என்பதால், இப்போது நடுவில் ஜாக்கியை வைக்கலாம். ஒரு பலகையை இடையில் கொடுத்துப் பட்டையால் கட்டி, பக்கத்துக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டு இறக்கினோம். உருண்டு வெளியே வந்தபோது ஜாக்கியின் சக்கரங்கள் மறுபடி டைல்ஸ் கோட்டில் சிக்கின. துணைக்கு ஆள் இல்லையென்றால் பீம் அங்கேயே சரிந்திருக்கும்.

லேத் பட்டறையில் புஷ் ஏற்றியது ஒரு மணி நேர வேலை. பழைய புஷ்ஷின் ரப்பரில் இருக்கும் வெற்றிடங்கள் எந்தத் திசையைப் பார்த்திருக்கின்றன என்று பீமிலேயே பெயிண்டால் குறியிட்டுக் கொண்டுபோனது நல்லதாயிற்று. திசை மாறி ஏற்றினால் புதிய புஷ் விரைவில் கிழியும்.

திரும்பப் பூட்டும்போது ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். புஷ் போல்ட்டுகளை, பீம் தொங்கும் நிலையில் இறுக்கிவிடக் கூடாது. அப்படி இறுக்கினால், கார் தரையில் நிற்கும்போது ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து கிழிந்துபோகும். கார் வழக்கமாக நிற்கும் உயரத்துக்குப் பீம் வந்த பிறகே இறுக்க வேண்டும். இதற்காகக் காரை ஸ்டாண்டில் வைத்தபடியே பீமை ஜாக்கியால் அந்த உயரத்துக்குத் தூக்கிவிட்டு, கீழே போய் இறுக்குவதைக் காண்கிறேன். சற்றே எண்ணிப் பாருங்கள்: அந்த உயரத்தில் ஸ்பிரிங் எவ்வளவு அழுந்தியிருக்கிறதோ அது காரின் அந்த மூலையின் எடைக்குச் சமம்; அதாவது ஸ்டாண்டின் மேல் அப்போது எடையே இல்லை, அந்த மூலை முழுவதும் ஜாக்கியின் எண்ணெயில் நிற்கிறது. நான் போல்ட்டுகளைக் கையால் இறுகும் அளவுக்கு மட்டும் பூட்டி, சக்கரங்களை மாட்டி, சக்கரங்களின் கீழே 5 சென்டிமீட்டர் தடிப்புள்ள பலகைகளை இரண்டிரண்டாக அடுக்கி, காரை அவற்றின் மேல் இறக்கினேன். நான்கு சக்கரங்களிலும் நிற்கும் காரின் பக்கவாட்டிலிருந்து கையை நீட்டி, குறித்த விசைக்கு இறுக்க உதவும் டார்க் ரென்ச்சால் இறுக்கினேன். பிறகு பிரேக் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றி (காற்றெடுத்து), பெடல் கெட்டியாக நிற்கிறது என்று உறுதிசெய்த பின்னரே வண்டியைக் கேட்டைத் தாண்டி எடுத்தேன். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லாப் போல்ட்டுகளையும் சக்கர நட்டுகளையும் மறுபடி சரிபார்த்தேன். இடப்பக்கச் சக்கர நட்டு ஒன்று சிறிது திரும்பியது.

ஓராண்டில் இந்த மூன்றையும் உறவினர்களின் வண்டிகள் உட்பட பலமுறை பயன்படுத்தியாயிற்று. எட்டாம் மாதத்தில் ஜாக்கியின் பம்ப் பிஸ்டனைச் சுற்றி எண்ணெய் ஊறத் தொடங்கியது. வாங்கிய கடையில் சீல் செட்டை மாற்றித் தந்தார்கள், பணம் கேட்கவில்லை, ஆனால் 11 நாள் ஆனது. ரப்பர் கட்டைகளில் ஒன்றில் ஓரம் வெடித்துவிட்டதால் புதியது வாங்கினேன். ஸ்டாண்டுகளில் பெயிண்ட் உரிந்ததைத் தவிர மாற்றமில்லை. ஒவ்வொரு முறையும் வெல்டிங் ஓரங்களையும் பின்னையும் துடைத்துப் பார்த்தே வைக்கிறேன். ஐந்துக்கு மதிப்பெண் கொடுப்பதானால் ஸ்டாண்டுகளுக்கு ஐந்து, ரப்பருக்கு நான்கு, ஜாக்கிக்கு மூன்று.

எல்லோரும் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மண் தரையோ ஆட்டம் காணும் பேவர் பிளாக் தரையோ மட்டும் உள்ளவர்கள், கூட நிற்க ஓர் ஆள் இல்லாதவர்கள், பிரேக் குழாயைப் பிரித்துக் காற்றெடுத்த பழக்கம் இல்லாதவர்கள், வண்டியை லிஃப்ட் உள்ள பட்டறைக்கே கொண்டுபோகலாம். கூலியாக அவர்கள் கேட்கும் தொகை நியாயமானது. மற்றவர்கள், தங்கள் கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், முதலில் ஸ்டாண்டுகளை வாங்கிவிட்டு, ஜாக்கியைத் தெருமுனைப் பட்டறையில் ஒரு மணி நேரத்துக்கு இரவல் கேளுங்கள். எங்கள் பட்டறை அண்ணன் இதுவரை எவருக்கும் மறுத்ததில்லை.